சரி, வாறன்

ஜன. 15, புதன்

காலையில் உறைபனி மழை. படிக்கட்டில் உப்புப் போட்டது நான். வழுக்கி விழுந்ததும் நான். முழங்கையில் நீலம்.

அப்பா பிறம்ரன் நகரத்து வெயர்ஹவுசுக்குப் புறப்படும்போது கதவைப் பாதி திறந்து, வழக்கம்போல், "வாறன்." குசினியிலிருந்து அம்மா, "ஓம்." எத்தனையோ வருடமாக இந்த இரண்டு சொல்லில்தான் இவர்களின் குடும்பம் ஓடுகிறது.

புதுக் கொப்பி. தமிழில் எழுதக் காரணம் தங்கச்சி தர்சி. என் அலமாரி, என் போன், என் முகம் எல்லாவற்றையும் திறந்து வாசிக்கிறவள். இங்கே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்து ஒன்றும் தெரியாது.

விஷயம்: சுகந்தி அன்ரி கொண்டுவந்த சம்பந்தம். பெயர் நிரோஜன் (இனி நி.). ரெக்ஸ்டேலில் வீடு. கம்பியூட்டர் வேலை. சின்ன வயதில் கனடா வந்தவன். கொஞ்சக் காலமாக வட்ஸ்அப்பில் எழுதுகிறோம். தமிழிலேயே தட்டுகிறான். ழகரம், ளகரம் பிசகுவதில்லை. எனக்குப் பிடித்தது அதுதான். முகம் பிறகுதான்.

முதல்முறை நேரில் பார்ப்பது வரும் சனி மத்தியானம். இடம் அவன் சொன்னது. ஷெப்பர்ட் வீதிப் பக்கத்துப் பிளாசாவில் ஒரு சீனக் கடை, சூப் டம்ப்ளிங்குக்குப் பேர்போனதாம். "பெரிசா ஒண்டுமில்லை, சும்மா ஒரு லஞ்ச்" என்று எழுதினான்.

அம்மாவிடம் சொன்னேன்.

"அதென்ன சாமான்?"

"மோதகம் மாதிரி அம்மா. உள்ளுக்க இறைச்சியும் சூப்பும்."

"மோதகத்துக்க சூப்பை எப்பிடியடி விடுறது? ஊசியாலயோ?"

விளக்கினேன். சூப்பைக் குளிரவைத்து, ஜெலி மாதிரி இறுகியதும் வெட்டி, இறைச்சியோடு உள்ளே வைத்து மடிப்பது. ஆவியில் உருகும். அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப வெளியால பாக்க ஒண்டும் தெரியாது."

தெரியாது.

ஜன. 16, வியாழன்

லாபில் முழுநாளும் தண்ணீர் மாதிரிகளுக்கு லேபிள். நாலு வருடம் இரசாயனம் படித்தது இதற்கு. என்னைத் தவிர எங்கள் வீட்டில் யாரும் பல்கலைக்கழக வாசல் மிதித்ததில்லை. அதனால் அம்மா எல்லாரிடமும் "மகள் சயன்டிஸ்ட்" என்கிறார். நான் மறுப்பதில்லை. கதைப்பதே குறைவு, அதில் மறுப்பது எங்கே.

வேலையால் வரும் வழியில் உறைந்த டம்ப்ளிங் ஒரு பைக்கற். கோழி. நாளை வெள்ளி, அம்மா மச்சம் மாமிசம் அடுப்பேற்ற விடமாட்டார். ஆகவே பயிற்சி இன்றே.

வீடியோவில் கண்ட முறை:
உச்சி மடிப்பில் பிடித்துத் தூக்கு. பக்கத்தில் பிடித்தால் கிழியும்.
கரண்டியில் இறக்கு.
ஓரத்தில் சின்னக் கடி.
ஊது. உறிஞ்சு. சத்தம் வரலாம். (எவ்வளவு வரலாம் என்று சொல்லவில்லை.)
பிறகு மிச்சம்.

முதலாவது நாடியில் வடிந்தது. அடுத்தது தர்சியின் லப்டொப்பில்.

"அக்கா! வாட் த ஹெல்!"

"சொறி, சொறி."

"நீ சாப்பிடேக்க எப்பிடி இருக்கு தெரியுமா? லைக் எ கோட். ஆடு குழை தின்னுற மாதிரி. அந்த ஆள் பாவம், ஐ ஃபீல் பேட் ஃபோர் ஹிம்."

கடைசியாகச் செய்த இரண்டும் வடிவாக வந்தன. ஒரு துளி சிந்தவில்லை. யாரும் பார்க்கவில்லை.

கதைக்கவேண்டியவை:
(வந்து கனநேரமோ என்று அவன் கேட்டால்) "இல்லை, இப்பதான்."
"கார் பார்க் பண்ண இடம் கிடைச்சதோ?"
"உங்கட அம்மா சுகமோ?"
அமைதி நீண்டால்: "அம்மா இதை மோதகம் எண்டவ." சிரிப்பான் என்று நினைக்கிறேன்.

அம்மா சோற்றை இறக்கிக்கொண்டே: "சனிக்கிழமை உந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகாத. இன்னும் கறுப்பாக் காட்டும்."

அப்பா: "சும்மா விடுமப்பா பிள்ளையை."

"நான் சொல்லாட்டி வேற ஆக்கள் சொல்லுவினம்."

ஜன. 18, சனி

மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர். பஸ் பிந்தியது. நீலச் சட்டைதான் போட்டேன். வேறு எதுவும் இஸ்திரி போட்டிருக்கவில்லை.

கடை வாசலில் இரண்டு கதவு. நடுவில் கண்ணாடி அடைத்த சிறிய இடம். காத்திருக்கிறவர்கள் எல்லாம் அதற்குள். இருக்கக் கதிரை இல்லை. கவுண்டரில் ஒரு பெண், கையில் மைக். நம்பர் துண்டு கொடுத்தாள். சுவரில் பெரிய எழுத்தில்: எல்லாரும் வந்தால்தான் மேசை.

நான் அனுப்பியது: "வந்திட்டன். வாசலிலதான் நிக்கிறன், கண்ணாடிக்குப் பக்கத்தில."

கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்று, கதைக்கவேண்டியவற்றைச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவன்: "சரி, வாறன்."

வாறன். போனைப் பையில் வைத்துவிட்டு இன்னொருமுறை சொல்லிப் பார்த்தேன். இல்லை, இப்பதான். கார் பார்க் பண்ண இடம் கிடைச்சதோ. உங்கட அம்மா சுகமோ. மறுபடி முதலிலிருந்து.

கூட நின்றவர்கள்: மெனுவை மனைவிக்கு வாசித்துக்காட்டும் ஒருவன், அவளுக்குக் கண் இல்லாததுபோல. உதட்டுக்கு ஊசி போட்ட ஒருத்தி, வாய் அப்படியே டம்ப்ளிங்கின் உச்சி. அவளைப் படம் எடுத்தபடி ஒரு தோழி, தன்னை யாரும் எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்த முகத்தோடு. அந்த முகம் எனக்குத் தெரியும்.

என் நம்பர் கூப்பிட்டார்கள். "ஃபுல் பார்ட்டி?" என்றாள். "ஓம்" என்று வாய் தவறி வந்தது. பிறகு, "நோ. கம்மிங்." அடுத்தவர்களை உள்ளே விட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். கம்மிங். மூன்றாம் முறை என்னிடம் கேட்கவேயில்லை. மைக்கை வாயிலிருந்து எடுக்காமல் உள்ளே நின்ற ஆளிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: அந்தப் பெண் இன்னும் யாரோ வருவார் என்று நிற்கிறாள். கடை முழுக்கக் கேட்டது. உதட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்" என்றேன். "ஜஸ்ட் ஒன்."

பெரிய வட்ட மேசையின் ஓரத்தில், தெரியாத ஆட்களோடு இடம் தந்தார்கள். நி.க்கு: "மேசை கிடைச்சிட்டுது." நீலச் சரி விழுந்தது. பார்த்தான். பதில் இல்லை. கார் ஓட்டுகிறான் ஆக்கும் என்று நினைத்தேன்.

மூங்கில் தட்டு வந்தது. மூடி திறக்க முகத்தில் ஆவி. கறுப்பு வினாகிரியில் நூல்போல வெட்டிய இஞ்சி. தூக்கினேன், இறக்கினேன், கடித்தேன், ஊதினேன். ஒரு துளி சிந்தவில்லை. சரியாகப் பாதியைச் சாப்பிட்டு மற்றப் பாதியை அவனுக்கு வைத்தேன்.

எதிரே ஒரு வெள்ளைக்காரன், சத்தமாகக் கதைக்கிறவன், காதலிக்கு உலகமெல்லாம் தான் சாப்பிட்ட கதை. ஒரு முழு டம்ப்ளிங்கை அப்படியே வாய்க்குக் கொண்டுபோனான். ஊதவில்லை. என்ன நடக்கப்போகிறதென்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கதை நின்றது. முகம் சிவந்து கண்ணால் தண்ணீர் ஓடியது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. இன்று எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

மிச்சம் ஆறியது. ஆறினால் தோல் தட்டில் ஒட்டும். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அடி கிழிந்து சூப் எல்லாம் கீழே போய்விட்டது. பரிமாறுகிற பெண் பெட்டி வேண்டுமா என்றாள். வேண்டாம்.

வீட்டில்: "அவருக்கு அவசரமா வேலை வந்திட்டுதாம்." அம்மா என்னைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்தார்.

ஜன. 19, ஞாயிறு

வெயில், ஆனால் சூடில்லாதது. உடுப்புத் தோய்க்கும் நாள்.

சுகந்தி அன்ரி போன். அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். நான் பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அன்ரிக்கு அது தெரியாது.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. தம்பி நேத்து வந்தவராம்."

"வரேல்லை எண்டெல்லோ இவள் சொன்னவள்."

"வந்தவர். காரைப் பார்க் பண்ணிப்போட்டு வெளியால நிண்டு பாத்தவராம். பிள்ளை கண்ணாடியைப் பாத்துக்கொண்டு தனியக் கதைச்சுக்கொண்டு நிண்டதாம். தலையையும் ஆட்டி ஆட்டி."

"ஆரோட?"

"ஒருத்தரோடயும் இல்லை அக்கா. அதுதானே பிரச்சினை. பிள்ளைக்கு ஏதும்... மருந்து கிருந்து எடுக்கிறவளோ?"

"சீச்சீ! என்ன கதை கதைக்கிறீர்?"

"நான் கேக்கேல்லை, அவையள்தான் கேக்கினம். பேந்து, போட்டோவில கண்டதை விட நிறமும் குறைவாம். எண்டாலும் தம்பி மரியாதையான பிள்ளை. சொல்லாமல் போகேல்லை. 'சரி, வாறன்' எண்டு மெசேஜ் போட்டுட்டுத்தான் வெளிக்கிட்டவராம்."

கையில் தர்சியின் காலுறை. ஒன்றுதான். ஜோடி எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தேன்.

அம்மா போனை வைத்தார். "அப்ப அவன் போயிட்டு வாறன் எண்டெல்லோ சொல்லியிருக்கிறான். நீ என்னெண்டு விளங்கின நீ?"

"வாறன் எண்டால்... வாறார் எண்டு."

"எடி! போறதுக்கும் வாறன் எண்டுதானே சொல்லுறது! கொப்பர் ஒவ்வொரு நாளும் வாசல்ல நிண்டு என்னத்தைச் சொல்லுறவர்? இவ்வளவு படிச்சும் அது விளங்கேல்லையோ உனக்கு?"

தர்சி மேலே இருந்து இறங்கி வந்தாள். "வெயிட், வாறன் மீன்ஸ் கம்மிங், ரைட்?"

"ரெண்டும்தான்" என்றார் அம்மா.

"சோ ஹீ செட் பாய், அண்ட் ஷீ கொட் எ டேபிள்?" படியில் உட்கார்ந்து சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். அம்மா முதலில் முறைத்தார். பிறகு வாய் கோணியது. பிறகு லீக்ஸை விட்டுவிட்டு அவரும்.

சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உன்னை ஆர் அங்க நிண்டு விசர் மாதிரி வாயை ஆட்டச் சொன்னது?"

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பின்னேரம் மெல்லக் கேட்டார்: "என்ன பிள்ளை கதைச்சுக்கொண்டு நிண்ட நீ?"

"ஒண்டுமில்லை அப்பா."

கார் பார்க் பண்ண இடம் கிடைச்சதோ என்று கேட்டுக்கொண்டு நின்றேன். கிடைத்திருக்கிறது.

ஜன. 22, புதன்

பனி. லாபில் புது மேலாளர், என் பெயரை மூன்று விதமாகச் சொல்கிறார், மூன்றுக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.

வோபர்ன் பக்கத்துத் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் எடுத்துக்கொண்டு நிற்கையில் சுகந்தி அன்ரியின் சினேகிதி ஒருத்தி. என் வாயையே பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றதும் ஏமாற்றம்போல. போகும்போது பக்கத்தில் இருந்தவளிடம்: "இல்லையே, இப்ப நல்லாத்தானே நிக்குது." 'அது' ஆகிவிட்டேன்.

தர்சி வீட்டில் வைத்த பெயர்: புளூடூத். "அக்காவுக்கு புளூடூத் கனெக்டட்."

காலையில் அப்பா வேலைக்குப் புறப்பட்டார். கதவைத் திறந்தார். நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார். வாயெடுத்து நிறுத்தி, "அப்ப... போறன்."

அம்மா குசினியிலிருந்து பாய்ந்து வந்தார். "என்ன சொல்லுறியள்? விடியக்காத்தால போறன் எண்டு! வாயைக் கழுவுங்கோ!"

அப்பா தொப்பியைக் காதுவரை இழுத்தார். பிறகு ஒன்றும் சொல்லாமலே போனார்.

பெப். 9, ஞாயிறு

இடையில் ஒன்றும் எழுதவில்லை. எழுத இருக்கவில்லை. பல் வலி, பல் பிடுங்கல், காரின் பற்றரி செத்தது.

இன்று சுகந்தி அன்ரி நேரிலேயே வந்தார், பொரித்த ரோல்ஸ் பெட்டியோடு. பெட்டி வந்தால் விஷயம் பெரிது.

நி. பிறம்ரனில் ஒரு பிள்ளையைப் பார்த்தானாம். எல்லாம் சரிவந்து, கலியாண ஹோல் பார்க்கிற நேரம், பிள்ளை மாட்டேன் என்றுவிட்டதாம். மாப்பிள்ளை கட்டையாம், உயரம் காணாதாம்.

"தம்பி இப்ப எங்கட பிள்ளைக்கு ஓம் எண்டுறார்" என்றார் அன்ரி. "யோசிச்சுப் பாத்தவராம். தனியக் கதைக்கிறது பெரிய வருத்தமில்லைத்தானே எண்டு. கதைக்காத பிள்ளையள் வீட்டில பிரச்சினை குடுக்காதுகள்."

அம்மா: "பெரிய மனசு."

நான் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அன்ரி என்னைப் பார்த்து, "ஆனா இந்தமுறை தாயும் பாக்க வேணுமாம். சனிக்கிழமை, அதே கடை. தாய்க்கு முழங்கால் ஏலாது, எண்டாலும் உங்களுக்காக வாறா. என்ன பிள்ளை?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம்" என்றேன்.

அம்மா சுவாமி அறைக்குள் போய் விளக்கேற்றினார். அழுதார் என்று நினைக்கிறேன். அப்பா ஒரு ரோல்ஸை எடுத்தார், திரும்ப வைத்தார்.

தர்சி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "ஆர் யூ சீரியஸ்? அவன் உன்னைப் பாத்துட்டு ஓடினவன். ஹாவ் சம் ஷேம், அக்கா."

"சனிக்கிழமை என்னைக் கார்ல கொண்டு போவியோ?"

"வை?"

"குளிர்."

பெப். 13, வியாழன்

நாளைக்குக் காதலர் தினமாம், லாபில் எல்லாருக்கும் ஆளுக்கொரு சிவப்பு சொக்லேட். என்னுடையதைத் தர்சி தின்றுவிட்டாள்.

நி.: "அண்டைக்கு ஒரு அவசர வேலை வந்திட்டுது. அதுதான் வர முடியேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நான்: "பரவாயில்லை."

நி.: "இந்தமுறை கட்டாயம்."

நான்: "ஓம்."

பொய்யிலும் எழுத்துப் பிழை இல்லை. வந்தேன், பார்த்தேன், பயந்தேன் என்று எழுதியிருந்தால் நான் போய் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். நன்றியோடு உட்கார்ந்திருப்பேன். இப்போதும் போகத்தான் போகிறேன். எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

பின்னேரம் அவனுடைய போனிலிருந்து ஒரு குரல்பதிவு. தாய்.

"பிள்ளை, நான் அம்மா கதைக்கிறன். குளிருக்க கவனமா வாங்கோ என்ன. எனக்கு உந்தச் சீனச் சாப்பாடு சாப்பிடத் தெரியாதம்மா. தம்பி சொல்லுறார் ஒரு மோதகம் மாதிரியாம், கடிச்சா சூப் பாயுமாம். மேல எல்லாம் ஊத்திப்போட்டு நிப்பன். நீங்கள்தான் காட்டித்தர வேணும். சரியோ? வைக்கிறன்."

மோதகம். நான் யோசித்து வைத்திருந்த பகிடியை அவர் சொல்லிவிட்டார்.

திரும்பத் திரும்பக் கேட்டேன். நல்ல குரல். இருமல் கொஞ்சம். நிறத்தைப் பற்றி இவர் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்.

அழிக்கவில்லை.

பெப். 15, சனி

பனிப்புயல் வரும் என்றார்கள், வரவில்லை. மேகம் மட்டும். அம்மா மஞ்சள் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார். போட்டேன். பவுடரும் அவரே பூசினார், கழுத்துவரை. வெளிக்கிடும்போது, "வாயை மூடிக்கொண்டு நில், என்ன? கேட்டா மட்டும் கதை."

"ஓம். வாறன்."

தர்சி கார் ஓட்டினாள். பிளாசாவுக்குள் போனதும் சொன்னேன்: "உள்ளுக்குப் போகாத. உதில விடு, பனிக் குவியலுக்குப் பின்னால."

"நீ இறங்கேல்லையா?"

"இல்லை."

அன்று அவன் நின்றது இந்த இடமாகத்தான் இருக்கும். இங்கிருந்து அந்தக் கண்ணாடி வடிவாகத் தெரிகிறது. முகம் தெரிகிறது. வாய் அசைவதுகூடத் தெரியும்.

நேரத்துக்கே வந்திருந்தார்கள். அவன் கட்டைதான். தாய் சேலைக்கு மேல் நீளக் கோட், காலில் பனிச் சப்பாத்து. ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி. மற்றக் கையில் ஒரு பை, உள்ளே டப்பா மாதிரி ஏதோ சதுரமாக. உள்ளே இருக்கக் கதிரை இல்லை என்பது எனக்குத் தெரியும். கவுண்டர்காரி அவனுக்குத் துண்டு கொடுத்துச் சுவரைக் காட்டினாள்.

போன் அதிர்ந்தது. "வந்திட்டம். எல்லாரும் வந்தாத்தான் மேசை தருவினமாம். எங்க நிக்கிறீங்கள்?"

அவன் கவுண்டர் பக்கம் போனான். தாய் தனியே கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றார். எங்களைக் காணவில்லை. எங்கேயோ பார்த்தார். தலையைக் கொஞ்சம் சரித்தார். வாய் அசைந்தது. நின்றது. மறுபடி முதலிலிருந்து அசைந்தது.

தர்சி ஹீட்டரைக் குறைத்தாள். "அக்கா. லுக். ஷீ இஸ் டோக்கிங் டு ஹெர்செல்ஃப்."

"தெரியுது."

"அவ பாவம், அக்கா. கெட் அவுட் அண்ட் கோ. ப்ளீஸ்."

தட்டினேன். சரி, கால்புள்ளி, வாறன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தேன். அனுப்பினேன்.

"என்ன அனுப்பின நீ?" தர்சியால் அதை வாசிக்க முடியாது. வாசித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

உள்ளே அவன் போனைப் பார்த்தான். தாயின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னான். தாய் பையை அவனிடம் கொடுத்தார். சுவரிலிருந்து கையை எடுத்தார். கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டு, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, கதவைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்.

தர்சி ரிவேர்ஸ் எடுத்தாள்.